இரைப்பையைச் சுருக்கும் அறுவைச் சிகிச்சை: வீட்டார் அறிய வேண்டியவை



உடற்பருமனுக்கான அறுவை என்றதும் வயிற்றுக் கொழுப்பை வெட்டி எடுப்பதாகவே பலரும் எண்ணுகின்றனர். மருத்துவமனைகள் நிறைந்த நம் மதுரை கே.கே. நகருக்கு இவ்வெண்ணத்துடனேயே விசாரிக்க வருவோரும் உண்டு. இவ்வறுவையின் இலக்கு கொழுப்பு அன்று, இரைப்பை.

இன்று மிகுதியாகச் செய்யப்படுவது ‘ஸ்லீவ்’ முறை. வயிற்றில் சிறு துளைகளிட்டு, இரைப்பையின் ஏறத்தாழ முக்கால் பங்கை நீளவாக்கில் வெட்டி அகற்றுவர். எஞ்சுவது வாழைக்காய் போன்ற ஒரு குழாய். பசியைத் தூண்டும் கிரெலின் அகற்றப்படும் பகுதியில்தான் அதிகம் சுரக்கிறது. ஆகவே கொள்ளளவு மட்டுமன்றிப் பசியும் தணிகிறது. வெட்டியதை மீண்டும் ஒட்ட இயலாது என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

மற்றொன்று ‘பைபாஸ்’, 1960களில் அமெரிக்க மருத்துவர் எட்வர்ட் மேசன் தொடங்கிய வழி. இரைப்பையின் மேற்புறத்தில் ஒரு சிறு பையைப் பிரித்து, சிறுகுடலின் சற்றுக் கீழான பகுதியுடன் நேரே இணைப்பர். சர்க்கரை நோயாளிகளுக்கு இது பெரிதும் பயன்படுகிறது. ஆனால் ஜிகர்தண்டா போன்ற இனிப்பு சட்டெனக் குடலில் இறங்கினால் வியர்வையும் படபடப்பும் வந்துவிடும்.

இது அழகுக்காகச் செய்வதன்று. கிலோ எடையை மீட்டர் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வரும் எண் 35க்குக் குறையாதோருக்கு 2022இன் சர்வதேச வழிகாட்டுதல் இதனைப் பரிந்துரைக்கிறது, ஆசியருக்கு 27.5 முதலே பரிசீலிக்கலாம் என்கிறது.

அனுபவமிக்க இடங்களில் மரணம் அரிது, ஆயினும் இல்லாததன்று. 2024 ஏப்ரலில் புதுச்சேரி இளைஞர் ஒருவர் சென்னையை அடுத்த தனியார் மருத்துவமனைக்கு இவ்வறுவைக்காகச் சென்று உயிரிழந்தார். தீவிர சிகிச்சைப் பிரிவு உண்டா, மயக்கமருந்து நிபுணர் யார் என்று கேட்கக் கூசாதீர்கள்.

அதன்பின் பொறுப்பு வீட்டாருடையது. பி12, இரும்பு, கால்சியம் சத்துகளை வாழ்நாள் முழுதும் மருந்தாக எடுக்க வேண்டும். பெண்கள் ஓராண்டுக்கு மேல் கருத்தரிப்பைத் தள்ளிப்போட வேண்டும். வலீமா விருந்தில் சஹனைச் சுற்றி அமர்ந்து, “இன்னும் ஒரு பிடி” என வற்புறுத்தும் நம் அன்பு, இவருக்கு வாந்தியாகவே முடியும்!

நோன்பு? அறுவைக்குப் பின் தொடக்க மாதங்களில் நீரைச் சிறுகச் சிறுக நாள் முழுதும் பருகவேண்டியிருப்பதால் மருத்துவர்கள் தள்ளிவைக்கச் சொல்கின்றனர். நோயாளி பின்னர் களாச் செய்ய மார்க்கத்தில் அனுமதி உண்டு. உடல் தேறி நோன்பு வைக்கும்போதும், இஃப்தாரில் நீரை மடமடவெனக் குடிக்காமல் மிடறு மிடறாகப் பருகி, அரைமணி கழித்தே உணவைத் தொடவேண்டும்.