ஒரு பதிகம், பல வாசல்

பூம்புகார்ப் பக்கம் பாடல் பெற்ற தலங்கள் இரண்டு: பல்லவனீச்சரம், அதற்கு அருகே சாயாவனம் என்று ஊரார் சொல்லும் திருச்சாய்க்காடு. இரண்டுக்கும் சேர்த்துத் தேவாரத்தில் ஆறு பதிகங்கள். பல்லவனீச்சரத்துக்குச் சம்பந்தர் பாடியவை முதல் திருமுறையில் 65ஆவதும் மூன்றாம் திருமுறையில் 112ஆவதும். சாய்க்காட்டுக்கு அவர் பாடியவை இரண்டாம் திருமுறையில் 38, 41. அப்பர் பாடியவை நான்காம் திருமுறையில் 65, ஆறாம் திருமுறையில் 82. பக்கத்துப் பக்கத்துக் கோயில்களின் பாட்டு இப்படி ஐந்து திருமுறைகளில் பிரிந்து நிற்பது யாருடைய பிழையும் அல்ல. சம்பந்தர் பதிகங்களைப் பண் வாரியாகத் தொகுத்திருக்கிறார்கள். முதல் திருமுறையின் 65 தக்கேசிப் பண், இன்று காம்போதியில் பாடுகிறார்கள். 112 பழம்பஞ்சுரம், இன்றைய சங்கராபரணம். ஒரு பண்ணில் குரலை நிறுத்தி அடுத்தடுத்துப் பாடிப் பழகும் ஓதுவாருக்கு இதைவிட நல்ல வரிசை இல்லை. ஆனால் சாயாவனத்துக்கு வந்து நிற்பவருக்கு அந்த ஊர்ப் பாட்டுதான் வேண்டும். அதனால்தான் அச்சுக் காலத்தில் பண்முறைப் பதிப்பு, தலமுறைப் பதிப்பு என இரண்டும் வந்தன.

காகிதத்தில் இரண்டு வரிசைக்கு இரண்டு புத்தகம் தேவைப்பட்டது. கணினியில் ஒரே ஒலிக்கோப்பு போதும். அதன்மேல் ஒட்டும் குறிப்புகள்தான் வரிசையைத் தீர்மானிக்கின்றன. இங்கேதான் கோளாறு. எம்பி3 கோப்புக்குள் விவரம் எழுதும் ஐடி3 முறை 1996இல் வந்தபோது பாட்டின் தலைப்பு, பாடியவர், ஆல்பம், ஆண்டு, குறிப்பு, இசைவகை என்றுதான் இடம் வைத்தது. தலைப்புக்கு 30 எழுத்து. மேற்கத்திய இசைத்தட்டுக் கடைக்கு அந்தக் கட்டம் பொருந்தும். தேவாரத்தை அதில் அடைத்தால் ஓதுவார் ‘ஆர்ட்டிஸ்ட்’ ஆகிறார், ‘தேவாரம், பாகம் 2’ ஆல்பம் ஆகிறது. பண்ணுக்கும் தலத்துக்கும் இடமே இல்லை. பிற்கால ஐடி3யில் புதிய கட்டங்களைச் சேர்க்க வழி உண்டு. ஆனாலும் செயலிகளின் முதல் திரை பெரும்பாலும் அந்தப் பழைய கட்டத்தைத்தான் காட்டுகிறது. பாட்டுப் பட்டியலைச் சுருக்குவதால் வேண்டிய பதிகத்தைத் தேடுவது எளிதாகாது. கேட்பவர் மனத்தில் முதலில் எழும் கேள்வி எதுவோ, அதையே முதல் திரை கேட்க வேண்டும்: எந்த ஊர், எந்தப் பண், எந்தத் திருமுறை? ஒன்றைத் தொட்டால் மற்றவை ஒதுங்கிக்கொள்ளட்டும்.

தேடல் பெட்டி இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். பாட்டின் முதலடி தெரிந்தவருக்குத்தான் அந்தப் பெட்டி பயன்படும். ‘பூம்புகார்’ என்று தட்டுபவருக்குப் ‘பல்லவனீச்சரம்’ கிடைக்காது. ‘சாயாவனம்’ என்றால் ‘சாய்க்காடு’ வராது. இரண்டு பெயரையும் யாராவது ஒருவர் முன்பே இணைத்து வைத்திருக்க வேண்டும். பழைய வரிசையைக் குலைக்கலாமா என்பது இன்னும் கனமான கேள்வி. குலைக்க வேண்டியதே இல்லை. திருமுறை எண்ணும் பதிக எண்ணும் ஒவ்வொரு கோப்போடும் இருக்கும். பண்முறையில் ஓத விரும்புபவர் அப்படியே ஓதலாம். உண்மையான தடை உழைப்புதான். தேவாரப் பதிகங்கள் ஏறத்தாழ 800. ஒவ்வொன்றுக்கும் தலம், அதன் வழக்குப் பெயர், பண், இன்றைய ராகம் ஆகியவற்றைத் தமிழ் தெரிந்தவர் உட்கார்ந்து பிழையில்லாமல் எழுத வேண்டும். பெரிய வேலைதான், ஆனால் ஒருமுறை செய்தால் போதும். ராஜராஜன் தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் பாட 48 பேரையும் உடன் கொட்டுவதற்கு இருவரையும் நியமித்ததாகக் கல்வெட்டு சொல்கிறது. பாடுவதற்கே அத்தனை பேரை வைத்துக் காத்த பாட்டுக்கு, பெயர் எழுதி வைக்கச் சிலர் கிடைக்காமல் போகமாட்டார்கள்.

உங்கள் ஊர் ஓதுவார் பாடியது உங்கள் கைப்பேசியில் வெறும் தேதியும் எண்ணுமாகக் கிடக்கிறதா? அவரிடமே கேட்டு, ஊர், பண், திருமுறை எண் மூன்றையும் இன்றே கோப்பின் பெயரில் எழுதிவிடுங்கள்.