பரீட்சை மண்டபமும் நாழிகைக் கணக்கும்

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய முல்லைப்பாட்டைப் பாடஞ் சொல்லும்போதெல்லாம் ஓரிடத்தில் என் மனம் சற்றே நின்றுவிடும். பகைமேற் சென்ற அரசனது பாசறை, நள்ளிரவு. குறுநீர்க்கன்னல் என்னும் நீர்க்கருவியைக் கொண்டு பொழுதை அளப்போர் அரசன்முன் வந்து, கழிந்த நாழிகை இத்தனை என்று அறிவிக்கின்றனர். போர்மேற் சென்ற மன்னனுக்கும் பொழுதைச் சொல்ல ஆள் வேண்டியிருந்தது. பரீட்சை எழுதும் பிள்ளைக்கு அந்த ஆள் யார்?

விடைத்தாள் திருத்துவோர் யாவரும் அறிந்த காட்சி ஒன்றுண்டு. முதல் வினாவுக்கு நான்கு பக்கம், முத்துப்போன்ற எழுத்து, மேற்கோளுக்குக் குறைவில்லை. நான்காம் வினாவில் எழுத்துச் சாய்கின்றது. ஐந்தாவது, ஒரு வாக்கியத்தின் நடுவே நின்றுவிடுகின்றது. எழுவாய் இருக்கின்றது; பயனிலை இல்லை. அப்பிள்ளைக்குப் பயனிலை தெரியாது என்று சொல்வோமா? பொழுது முடிந்தது, அவ்வளவே. ஆயினும் எழுதாத விடைக்குப் புள்ளியிட யாருக்கும் அதிகாரம் இல்லை.

நம் முன்னோர் ஒரு நாளை 60 நாழிகையாக வகுத்தனர். ஒரு நாழிகை 24 நிமிடம். மூன்று மணி நேரம் என்பது ஏழரை நாழிகை. அதுவே ஒரு சாமம். ஐந்து வினாக்களுக்கு ஒரு சாமம் என்றால், வினா ஒன்றுக்கு ஒன்றரை நாழிகை, அதாவது 36 நிமிடம். அதில் 33 நிமிடத்தில் எழுதி முடிப்பவனுக்கு, ஈற்றில் 15 நிமிடம் மீட்டு வாசிக்கக் கிடைக்கும். ஐந்தாம் வினாவைத் தொடங்கி எழுதும் முதற் பக்கம், முதல் வினாவுக்கு எழுதும் நான்காம் பக்கத்திலும் கூடிய புள்ளியைத் தரும். இதனை வல்ல மாணாக்கரே பெரிதும் மறக்கின்றனர். தெரிந்ததைச் சொல்லும் இன்பம் அவர்களை முதல் வினாவிலேயே கட்டிவிடுகின்றது.

கடந்த தவணையில் என் வகுப்பு மாணாக்கரை ஒரு கேள்வி கேட்டேன். "ஒரு பக்கம் எழுத உங்களுக்கு எத்தனை நிமிடம் செல்லும்?" ஒருவராவது விடை சொல்லவில்லை. வியப்பதற்கில்லை. இக்காலப் பிள்ளைகளுக்குப் பொழுது கைத்தொலைபேசியில் இருக்கின்றது. பரீட்சை மண்டபத்தினுள் அதற்கு இடமில்லை. வாயிலில் தொலைபேசியை விட்டவர்கள் பொழுதையும் அங்கேயே விட்டு உள்ளே செல்கின்றனர்.

மணிக்கூடு காட்டும் எண் பெரிதன்று. 1996 மே மாதத்தில் இலங்கையின் நேரம் ஒரு மணி முன்னே தள்ளப்பட்டது. அவ்வாண்டு ஒக்டோபரில் அரைமணி பின்னே வந்தது. 2006 ஏப்ரலிலே பழைய நிலைக்கு மீண்டது. அவ்வாண்டுகளில் விடுதலைப் புலிகளின் ஆளுகையிலிருந்த பகுதிகளிலே பழைய நேரமே வழங்கிற்று. ஒரே தீவில், ஒரே கணத்தில், இரண்டு மணி! ஆனால் மூன்று மணி நேரத்தின் நீளம் எங்கும் மாறவில்லை. பரீட்சார்த்தி அறியவேண்டுவது எஞ்சிய நீளத்தையே.

ஆதலால் எங்கள் வகுப்பில் இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கின்றேன். வாரம் ஒருநாள் மணிக்கூட்டை முன்வைத்து ஒரு விடை எழுதுவித்து, ஒவ்வொருவரும் தத்தம் கையின் வேகத்தைக் குறித்துக்கொள்ளச் செய்கின்றேன். வினாத்தாளை வாசிக்கத் தரும் 10 நிமிடத்தில், எவ்வினாவை எம்மணிக்கு முடிப்பது என்று மனத்துள் வகுக்கப் பழக்குகின்றேன். தவணைப் பரீட்சையில் அரைமணிக்கு ஒருமுறை, எஞ்சிய நேரத்தைக் கரும்பலகையில் எழுதுகின்றேன். நாழிகைக் கணக்கர் செய்த தொழிலைத்தான் செய்கின்றேன். இதில் எனக்குக் குறைவொன்றுமில்லை.

ஆசிரிய அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். கைக்கடிகாரம் கட்டிய பிள்ளையும் அதனை வாங்க இயலாத பிள்ளையும் ஒரே மண்டபத்தில், ஒரே வினாத்தாளுக்கு விடை எழுதுகின்றனர். பிள்ளையின் அறிவை அளக்க வந்த பரீட்சை, பெற்றோரின் பணப்பையை அளத்தல் ஆகாது. அடுத்த பரீட்சைக்கு முன்னதாக மண்டபத்துச் சுவரை ஒருமுறை பாருங்கள். அங்கே மணிக்கூடு ஓடாமல் நின்றிருந்தால், புதிய மின்கலம் ஒன்றைப் போட்டுவிடுங்கள்.