புற்றுநோய் ஆய்வின் அண்மைக்காலப் பயன்களும் நோயாளர்க்கான நிதியுதவியும்: பொன்னமராவதியை முன்வைத்து

முன்னுரை

புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்த மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி, தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அவ்விழப்பின் தூண்டுதலால் அவர் மேற்கொண்ட முயற்சியே 1954-இல் அடையாறு புற்றுநோய் நிலையமாக உருப்பெற்றது. ஆயினும், அதே மாவட்டத்தின் மேற்குப்பகுதியிலுள்ள பொன்னமராவதி போன்ற ஊர்களில் வாழ்வோருக்கு விலை, தொலைவு என்னும் இரண்டும் இன்றளவும் தடைகளாகவே உள்ளன. அண்மைய ஆய்வுகளும் அரசின் உதவிகளும் இத்தடைகளை எவ்வாறு குறைக்கின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

விலையைக் கருத்திற்கொண்ட ஆய்வுகள்

நிவோலுமாப் என்பது, உடலின் எதிர்ப்பணுக்கள் புற்றணுக்களைத் தாக்கவொட்டாமல் நிற்கும் தடையை நீக்கும் மருந்து. இதனை முழு அளவில் வாங்க இயலாத நோயாளரே நம் நாட்டில் மிகுதி. எனவே மும்பை டாடா நினைவு மருத்துவமனை மருத்துவர்கள், வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்கிற்கும் குறைவாக, மூன்று வாரங்களுக்கு ஒருமுறை 20 மில்லிகிராம் மட்டும் கொடுத்து ஆராய்ந்தனர். தலை, கழுத்துப் பகுதிப் புற்று முற்றிய 151 பேர் இவ்வாய்வில் பங்கேற்றனர். விலை குறைந்த மாத்திரைகளை மட்டும் பெற்றோரில் ஓராண்டு கடந்து வாழ்ந்தோர் 16.3 விழுக்காடு, இம்மருந்தையும் சேர்த்துப் பெற்றோரில் 43.4 விழுக்காடு. நோயை முற்றும் நீக்காவிடினும், சிறிய அளவே ஆயுளை நீட்டும் என்பதை 2022-இல் வெளியான இம்முடிவு காட்டியது.

மருந்தினும் எளிய வழியைத் திண்டுக்கல் மாவட்ட ஆய்வு உணர்த்தியது. அங்கு 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களின் கருப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி, வெண்மையாக மாறும் இடங்களைப் பயிற்சி பெற்ற செவிலியர் கண்டறிந்தனர். இச்சோதனை வாய்ப்பளிக்கப்பட்ட பகுதிகளில் கருப்பை வாய்ப் புற்றால் நேர்ந்த இறப்பு 35 விழுக்காடு குறைந்ததென 2007-இல் வெளியான முடிவு கூறுகிறது.

நிதியுதவியும் அதன் எல்லையும்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012-இல் தொடங்கப்பெற்றது. ஆண்டு வருமானம் ரூ.1,20,000-க்கு மேற்படாத குடும்பங்கள் இதில் சேரலாம். குடும்பத்திற்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை சிகிச்சைச் செலவு ஏற்கப்படும். வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள காப்பீட்டு மையத்தில் பதிவு செய்தல் வேண்டும்.

சிகிச்சைக்காகப் பயணம் செய்யும் புற்றுநோயாளர்க்கும் உடன் செல்லும் ஒருவர்க்கும் தொடர்வண்டிக் கட்டணச் சலுகை உண்டு. ஆனால் பொன்னமராவதியில் தொடர்வண்டி நிலையம் இல்லை. பேருந்தேறிப் பிற ஊருக்குச் சென்றே அச்சலுகையைப் பெறவேண்டும். உடன் செல்பவர் இழக்கும் நாட்கூலியைக் காப்பீடு ஈடுசெய்வதில்லை. வேதிச்சிகிச்சை பல சுற்றுகளாகத் தொடர்வதால், மருந்து இலவசமாகக் கிடைத்தும் பயணச் செலவால் சிகிச்சை இடையில் நின்றுபோகும் நிலை எழுகிறது. மாவட்ட மருத்துவமனைகள் அனைத்திலும் மூன்றாண்டுகளில் புற்றுநோய்ப் பகல்நேரச் சிகிச்சை மையங்கள் அமைக்கப்படும் என்னும் 2025-26 ஒன்றிய வரவுசெலவுத் திட்ட அறிவிப்பு, இக்குறையை நோக்கியதாகும்.

முடிவுரை

ஆய்வு மருந்தின் விலையைக் குறைக்கிறது; காப்பீடு மருத்துவமனைச் செலவை ஏற்கிறது; தொலைவின் சுமை மட்டும் பெரும்பாலும் நோயாளியின் தலைமீதே எஞ்சுகிறது. ஆகவே சிகிச்சை மாவட்டத்திற்குள்ளேயே கிடைப்பதும் நிதியுதவியின் ஒரு கூறாகவே கருதத்தக்கது. அதுவரை, நோய் வருமுன்னரே காப்பீட்டு அட்டையைப் பெற்றுவைத்தலும், மூன்று வாரங்கள் கடந்தும் ஆறாத வாய்ப்புண்ணை மருத்துவரிடம் காட்டுதலும் செலவையும் உயிரிழப்பையும் குறைக்கும் வழிகளாம்.