சாவியைக் கையிற் கொடுக்குமுன்

பிள்ளை பரீட்சையில் நற்பெறுபேறு பெற்றுவிட்டால் மோட்டார் சைக்கிள் ஒன்று வாங்கிக் கொடுப்பது இன்று நம்மவர் குடும்பங்கள் பலவற்றில் வழக்கமாகிவிட்டது. தந்தைக்குப் பெருமை, பிள்ளைக்கோ இறக்கை முளைத்த ஆனந்தம், தாய்க்கு மட்டும் உள்ளூரப் பயம். அந்தப் பயம் வீணானதன்று என்பதையே இங்கு எடுத்துக்காட்ட விரும்புகிறோம்.

உலகில் 5 முதல் 29 வயது வரையுள்ளோரின் மரணத்துக்கு முதற்காரணம் வீதி விபத்தே என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஆம் ஆண்டின் அறிக்கையிற் கூறியுள்ளது. எந்தவொரு தனி நோயும் அத்தனை இளம் உயிர்களைக் கவர்வதில்லை.

மாணவர்கள் ஒரு சிறு கணக்கைக் கவனிப்பார்களாக. மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் வண்டி ஒரு செக்கனில் ஏறத்தாழ 14 மீற்றர் ஓடிவிடும். நேராக நீண்டு கிடக்கும் கண்டி – யாழ்ப்பாண வீதியில், மாலை மங்கும் வேளையில், மாடொன்று குறுக்கிடுகிறது என்போம். அதைக் கண்ணுற்றுப் பிறேக்கை அழுத்துவதற்கே ஏறத்தாழ ஒரு செக்கன் கழிந்துவிடும். அந்த 14 மீற்றரையும் வண்டி வேகம் குறையாமலே கடக்கும். வேகம் இருமடங்கானால், பிறேக் பிடித்தபின் வண்டி நிற்பதற்கு வேண்டிய தூரமோ நான்கு மடங்காகும். பௌதிக வகுப்பில் இதனை ஒப்புக்கொள்ளும் மாணவன், வண்டியில் ஏறியதும் மறந்துவிடுகிறான்.

நண்பன் பின்னாலிருந்து உற்சாகமூட்டினால் மறதி இன்னும் அதிகம். இதனை உணர்ந்தே நியூசிலாந்து அரசாங்கம் 1987 ஆம் ஆண்டில் படிமுறையான அனுமதிப்பத்திர முறையைக் கொண்டுவந்தது. புதிய சாரதி முதலில் துணையோடு பழகவேண்டும். பின்னர் சிலகாலம், பின்னிரவிலோ நண்பர்களை ஏற்றிக்கொண்டோ தனியே ஓட்டலாகாது. அதன் பின்னரே முழு உரிமை. நம் நாட்டுச் சட்டம் 18 வயதை எல்லையாக வைத்திருக்கிறது. எனினும், வயது நிரம்பிய அன்றே பக்குவமும் நிரம்பிவிடுவதில்லை. முதல் ஓராண்டுக்கு இரவுப் பிரயாணமில்லை, பின்னாசனத்தில் நண்பரில்லை என்று வீட்டிலேயே ஒரு விதி செய்துகொள்ளலாமன்றோ?

தலைக்கவசத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. முறையாக அணிந்த கவசம் விபத்தில் மரண அபாயத்தை ஏறத்தாழ 40 வீதம் குறைப்பதாக ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. முழங்கையில் தொங்கும் கவசமும், நாடாவைப் பூட்டாத கவசமும் பொலிசாரை ஏமாற்ற உதவலாம்; தார் வீதியை ஏமாற்ற உதவா.

பெற்றோரே, பிள்ளையின் சாரதிப் பயிற்சி 18 வயதில் ஆரம்பமாவதன்று. பெற்றோல் தாங்கியின்மேல் அமர்ந்து பாடசாலை செல்லும் ஐந்து வயதுக் குழந்தை, தந்தை சிவப்பு விளக்கில் நின்றாரா, ஓட்டிக்கொண்டே தொலைபேசியிற் பேசினாரா என்பதையெல்லாம் பார்த்துக்கொண்டே வருகிறது. அன்று கண்டதையே பின்னாளிற் செய்கிறது.

இன்னுமொன்று. வீட்டில் ஏச்சு விழுமே என்றஞ்சி வேகமாக வரும் பிள்ளைகள் பலர். "பிந்தினாலும் பரவாயில்லை, மெல்ல வா" என்று இன்றே சொல்லிவைப்போம். சொன்னபடியே, பிந்தி வந்த பிள்ளையை ஏசாமல் சோறு போடுவோம்.