நம்பரைக் கொடுத்தது யார்?

விஜயபுரம் பக்கத்தில் செல்போனுக்கு வரும் வேண்டாத அழைப்புகள்கூட இரண்டு மொழியில்தான் வருகின்றன. காலையில் தெலுங்கில் ஒரு பெண் குரல் பர்சனல் லோன் வேண்டுமா என்று கேட்கும். சாப்பாட்டு நேரத்தில் ஒருவர் தமிழில் திருத்தணிப் பக்கம் மனை விற்பார். இரவில் வாட்ஸ்அப்பில், முன்பின் தெரியாத எண்ணிலிருந்து கல்யாணப் பத்திரிகை என்று ஒரு கோப்பு வந்து விழும். அதன் பெயர் ‘ஏபிகே’ என்று முடியும்; பத்திரிகை அல்ல, போனில் ஆப்பை நிறுவும் கோப்பு அது. சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஊர்கள் இவை. வீட்டில் தமிழ், ஆபீஸில் தெலுங்கு. துணி எடுக்க நகரிக்கும் போவார்கள், திருத்தணிக்கும் போவார்கள். எங்கே போனாலும் பில் போடுகிறவர் முதலில் கேட்பது செல் நம்பரைத்தான்.

‘பிளாக் பண்ணிவிடு’ என்பதுதான் எல்லோரும் சொல்லும் வைத்தியம். பிளாக் செய்தால் அந்த எண் உங்களுக்கு மட்டும் அடங்கும், அடுத்த வீட்டில் மணி அடித்துக்கொண்டே இருக்கும். அதைவிட முக்கியமான கேள்வி, நம் நம்பர், பெயர், எந்தத் திட்டத்தில் பணம் வாங்குகிறோம் என்பதெல்லாம் அவர்கள் கைக்கு எப்படிப் போனது என்பது.

கடைக்காரரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. 2017 மே மாதம் பெங்களூரைச் சேர்ந்த சென்டர் ஃபார் இன்டர்நெட் அண்ட் சொசைட்டி ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. அரசின் நான்கு இணையதளங்கள் வழியாகவே சுமார் 13 கோடி ஆதார் எண்களும் 10 கோடி வங்கிக் கணக்கு விவரங்களும் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி கிடந்திருக்கலாம் என்றது அது. அந்த நான்கில் இரண்டு ஆந்திர அரசுடையவை: நூறு நாள் வேலைக் கூலி பட்டுவாடா தளம், சந்திரண்ண பீமா என்ற காப்பீட்டுத் திட்டத்தின் தளம். யாரும் பூட்டை உடைக்கவில்லை, கதவே திறந்துதான் இருந்தது. அடுத்த ஆண்டு ஆந்திர வீட்டுவசதிக் கழகத்தின் தளத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பயனாளிகளின் ஆதார் எண், சாதி, மதம் வரை வெளியே தெரிந்தது. 2019-க்குப் பிறகு ஆந்திராவில் ஊர்தோறும் சச்சிவாலயம் என்ற அரசு அலுவலகமும், 50 வீட்டுக்கு ஒரு வாலண்டியரும் வந்தபோது, வீட்டு விவரம் முழுவதும் அந்த ஒருவர் கைபேசியில் ஏறியது. அது எங்கே சேமிக்கப்படுகிறது, யார் பார்க்கலாம் என்பது 2023-ல் பெரிய அரசியல் சண்டையானது. வாலண்டியர்கள் போய்விட்டார்கள். திரட்டிய விவரத்தின் கதி என்ன என்று இப்போது கேட்பாரில்லை.

வேண்டாத குறுஞ்செய்தியும் அந்தரங்கமும் ஒரே வழக்கில் மோதிக்கொண்டதைப் பார்க்க, 2021-ன் புதுச்சேரிக்குப் போக வேண்டும். சட்டமன்றத் தேர்தல் நேரம். வாக்காளர்களின் செல்போனுக்கு, தொகுதி வாரியான வாட்ஸ்அப் குழுவில் சேரச் சொல்லி மொத்தமாகச் செய்திகள் வந்தன. ஆதாரோடு இணைத்த எண்களுக்கு மட்டுமே அவை வந்ததாகச் சொல்லி, இந்திய ஜனநாயக வாலிபர் சங்கம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. விவரம் எங்கிருந்தும் கசியவில்லை, தொண்டர்கள் வீடு வீடாகப் போய்ச் சேகரித்த எண்கள் அவை என்று பாரதிய ஜனதா கட்சி மறுத்தது. தலைமை நீதிபதி சஞ்சீப் பானர்ஜியும் நீதிபதி செந்தில்குமார் ராமமூர்த்தியும் அடங்கிய அமர்வு இதை லேசாக விடவில்லை. குற்றச்சாட்டு நம்பத்தக்கதாக இருக்கிறது, ஆதார் ஆணையம் பதில் சொல்லியாக வேண்டும் என்றது. யார் பக்கம் நியாயம் என்பதை விடுங்கள். ஒரு சாதாரண எஸ்எம்எஸ்ஸைப் பார்த்து, “என் நம்பர் உனக்கு எப்படிக் கிடைத்தது?” என்று கோர்ட்டிலேயே நின்று கேட்க முடியும் என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. அந்தக் கேள்விக்கு அடித்தளம், 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகச் சொன்ன புட்டசாமி தீர்ப்பு.

நம்பர் போனால் தொல்லையோடு போகும். கைரேகை போனால் பணமும் போகும். 2022-ல் சைபராபாத் போலீஸார் ஒரு கும்பலைப் பிடித்தார்கள். ஆந்திரப் பதிவுத் துறையின் இணையதளத்திலிருந்து நிலப் பத்திர நகல்களை இறக்கி, அவற்றில் பதிந்திருந்த கைரேகையை அச்செடுத்து, ஆதார் வழிப் பணம் எடுக்கும் முறையில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களின் கணக்கைத் துடைத்திருந்தார்கள். இந்த முறைக்கு ஓடிபி வேண்டாம், கார்டு வேண்டாம். ஆதார் எண், வங்கியின் பெயர், ரேகை மூன்றும் போதும். மூன்றுமே ஒரு பத்திரத்தின் ஜெராக்ஸைச் சுற்றியே கிடைத்துவிட்டன. நிலம் விற்றவர், வாங்கியவர், சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் என்று விஜயபுரத்தில் ரிஜிஸ்டர் ஆபீஸ் படி ஏறாத குடும்பம் எது?

இதற்குத் தடுப்பு உண்டு. ஆதார் செயலியிலோ தளத்திலோ ‘பயோமெட்ரிக் லாக்’ போட்டுவிட்டால் ரேகையை யாரும் பயன்படுத்த முடியாது. ஆனால் யோசனை சொல்கிறவர்கள் சொல்லாமல் விடுகிற ஒன்று இருக்கிறது. அப்படிப் பூட்டினால் ரேஷன் கடையிலும் மாதம் பிறந்ததும் வாசலுக்கு வரும் பென்ஷனிலும் ரேகை விழாது. தேவைப்படும்போது சிறிது நேரத்துக்குத் திறந்துகொள்ளலாம்தான். அதற்குக் கையில் செல்போனும், அதை இயக்கத் தெரிந்த பேரனும் வேண்டும். ரேகை வைத்தே எல்லாம் வாங்குகிற முதியவருக்கு வேறு வழி சரிப்படும்: பென்ஷன் வரும் கணக்கில் சேமிப்பை வைக்காதீர்கள், மற்றக் கணக்கில் ஆதார் வழிப் பணம் எடுப்பதை நிறுத்தும்படி வங்கியில் எழுதிக் கொடுங்கள், பல வங்கிகள் செய்து தருகின்றன. ஜெராக்ஸ் கடையில் முழு ஆதாரைக் கொடுப்பதற்குப் பதில், கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் ‘மாஸ்க்டு’ ஆதாரைக் கொடுக்கலாம்.

இனி அந்த அழைப்புகள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், விளம்பரத் தொல்லைக்கான விதிகளை 2018-ல் போட்டது, 2025 பிப்ரவரியில் திருத்தியது. முன்பு, விளம்பரம் வேண்டாம் என்று டிஎன்டி பட்டியலில் பதிவு செய்தவர்தான் புகார் செய்யலாம், அதுவும் மூன்று நாளுக்குள். இப்போது பதிவே செய்யாமல் சாதாரணப் பத்து இலக்க எண்ணிலிருந்து விளம்பரம் வந்தாலும் ஏழு நாளுக்குள் 1909-க்கு அழைத்தோ, குறுஞ்செய்தி அனுப்பியோ, டிராயின் டிஎன்டி ஆப்பிலோ புகார் செய்யலாம். பத்து நாளில் ஐந்து புகார் சேர்ந்தால் அந்த எண் மேல் நடவடிக்கை. ஒரு தெருவில் ஐந்து பேர் மெனக்கெட்டால் போதும் என்று அர்த்தம். மக்கள் கொடுத்த புகார்களை வைத்து ஓராண்டில் 21 லட்சத்துக்கும் மேற்பட்ட எண்களைத் துண்டித்ததாக டிராய் 2025 நவம்பரில் சொன்னது. பிளாக் மட்டும் செய்துவிட்டு இருக்காதீர்கள் என்றும் சேர்த்துச் சொன்னது.

அடையாளம் காண்பதும் கொஞ்சம் எளிதாகியிருக்கிறது. பதிவு பெற்ற நிறுவனத்தின் விளம்பர அழைப்பு 140-ல் தொடங்கும். வங்கி, காப்பீடு போன்றவற்றின் சேவை அழைப்புக்கு 1600 வரிசை. குறுஞ்செய்தி அனுப்புபவர் பெயரின் கடைசியில் ஓர் எழுத்து ஒட்டியிருக்கும்: ‘பி’ என்றால் விளம்பரம், ‘எஸ்’ சேவை, ‘டி’ பணப் பரிமாற்றம், ‘ஜி’ அரசு. பேங்கிலிருந்து பேசுகிறேன் என்று சாதாரண எண்ணில் ஒருவர் வந்தால் பேச்சை வளர்க்க வேண்டியதில்லை. ஆந்திர அரசின் ‘மன மித்ரா’ வாட்ஸ்அப் சேவை 9552300009 என்ற ஒரே எண்ணில்தான் நடக்கிறது. அதன் பெயரைச் சொல்லிக்கொண்டு வேறு எண் எது வந்தாலும் போலி.

தொல்லையைத் தடுக்க வரும் காவல்காரனே வீட்டுச் சாவியைக் கேட்டால் என்ன செய்வது? யார் அழைக்கிறார்கள் என்று பெயர் காட்டும் இலவச ஆப்கள் நம் தொடர்புப் பட்டியலைப் பார்க்க அனுமதி கேட்கும். பட்டியலில் இருப்பது நம் நம்பர் அல்ல; அக்காவுடையது, டாக்டருடையது, கடன் கொடுத்தவருடையது. அவர்கள் யாரும் சம்மதம் சொல்லவில்லை. உடனடிக் கடன் ஆப்கள் இதே பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு, தவணை தவறினால் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அசிங்கமான செய்தி அனுப்பிய கொடுமையை இரு தெலுங்கு மாநிலங்களும் 2020-லிருந்து பார்த்துவிட்டன. ஆகவே அந்த அனுமதியை மறுத்துவிட்டு ஆப் வேலை செய்தால் வைத்துக்கொள்ளுங்கள், செய்யாவிட்டால் அழித்துவிடுங்கள்.

அரசின் காவலுக்கும் இதே அளவுகோல்தான். திருட்டுப் போன செல்போனை முடக்க, நம் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்று பார்க்க, மோசடி அழைப்பைத் தெரிவிக்க ‘சஞ்சார் சாத்தி’ தளம் நல்ல வசதி. ஒருவர் பெயரில் ஒன்பது சிம்தான் இருக்கலாம் என்பது விதி. நமக்குத் தெரியாத சிம் ஏதாவது நம் பெயரில் ஓடுகிறதா என்று ஒருமுறையாவது பார்த்துவிடுவது நல்லது. ஆனால் 2025 நவம்பர் 28 தேதியிட்ட உத்தரவில், புதிய செல்போன் ஒவ்வொன்றிலும் இந்த ஆப்பை முன்கூட்டியே ஏற்றியே விற்க வேண்டும் என்று தொலைத்தொடர்புத் துறை சொன்னபோது நாடு முழுவதும் எதிர்ப்பு கிளம்பியது. டிசம்பர் 3 அன்று கட்டாயம் கைவிடப்பட்டது. விரும்பியவர் போட்டுக்கொள்வதற்கும் போனோடு பிறந்தே வருவதற்கும் இடையே உள்ள வித்தியாசம் சின்னதல்ல.

அழைப்பவரின் பெயரை நெட்வொர்க்கே திரையில் காட்டும் ஏற்பாட்டை டிராய் 2024 பிப்ரவரியில் பரிந்துரைத்தது. இப்போது படிப்படியாக வருகிறது. மோசடிக்காரனுக்கு இது இடைஞ்சல்தான், சந்தேகமில்லை. ஆனால் காட்டப்படுவது சிம் வாங்கும்போது கொடுத்த பெயர். கிராமத்தில் பாதி சிம் அப்பா பெயரிலோ கணவர் பெயரிலோ இருக்கிறது. மற்ற பாதியில், ஆட்டோக்காரருக்கோ டெலிவரி பையனுக்கோ போன் செய்யும் பெண்ணின் முழுப்பெயர் முன்பின் தெரியாதவர் திரையில் விழும். விலக்குக் கேட்கும் வழி என்ன என்று உங்கள் நெட்வொர்க் கம்பெனியிடம் விசாரித்து வையுங்கள்.

இதற்கெல்லாம் சேர்த்துத்தான் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் வந்தது. விதிகள் வர 2025 நவம்பர் ஆயிற்று. முக்கியப் பிரிவுகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து, 2027 மே மாதத்தில்தான் நடைமுறைக்கு வருகின்றன. அப்போது, உங்கள் விவரத்தைக் கேட்கும் நிறுவனம் எதற்காகக் கேட்கிறது என்று முதலில் அறிவிக்க வேண்டும். அந்த அறிவிப்பை எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் எதிலும் கேட்கலாம். நகரியில் இருக்கும் கம்பெனியிடம் தமிழில் கொடு என்று கேட்க விஜயபுரத்துக்காரருக்குச் சட்டப்படி இடம் இருக்கும். கொடுத்த சம்மதத்தை, கொடுத்த அளவு எளிதாகத் திரும்பப் பெறலாம். அழி என்றால் அழிக்க வேண்டும். விவரம் கசிந்தால் உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும். பாதுகாக்கத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை.

அபராதம் போவது அரசுக் கருவூலத்துக்கு. பாதிக்கப்பட்டவருக்கு இந்தச் சட்டத்தில் இழப்பீடு இல்லை. அதைவிட மோசம், அலட்சியமான கம்பெனியிடம் இழப்பீடு கேட்க வழி தந்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவையும் இது நீக்குகிறது. அரசு அமைப்புகளுக்குத் தாராளமான விலக்கு வேறு. மேலே சொன்ன 2017 ஆய்வறிக்கையில் வந்த நான்கு தளங்களுமே அரசுடையவை என்பதை நினைத்தால் இந்த விலக்கு உறுத்துகிறது.

அந்தப் பழைய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் வலு இருந்தது. 2007-ல், வங்கியின் பெயரில் வந்த போலி மின்னஞ்சலை நம்பிப் பணத்தை இழந்தார் வெளிநாட்டில் வேலை பார்த்த ஒரு தமிழர். தமிழக அரசின் தகவல் தொழில்நுட்பச் செயலரே இப்படிப்பட்ட வழக்குகளுக்குத் தீர்ப்பு அதிகாரி; அவரிடம் வழக்குப் போட்டார். 2010 ஏப்ரலில் ஐசிஐசிஐ வங்கி 12.85 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று உத்தரவு வந்தது. ஒவ்வொரு மாநிலத்திலும் அந்தச் செயலர்தான் தீர்ப்பு அதிகாரி. ஐந்து கோடி ரூபாய் வரை அவரிடம் கேட்கலாம். ஆந்திரக்காரர் அமராவதிக்கு எழுத வேண்டும்.

பணம் போய்விட்டால் முதல் வேலை, சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-ஐ அழைப்பது. மோசடிக்காரன் பணத்தைக் கணக்கு விட்டுக் கணக்கு மாற்றுவதற்கு முன் அழைத்தால்தான் வழியில் நிறுத்த முடியும். சொந்தக்காரர்களிடம் கலந்து பேசுவதெல்லாம் அதற்குப் பிறகு. அடுத்து வங்கிக்கு எழுத்தில் தெரிவியுங்கள். ரிசர்வ் வங்கி 2017-ல் கொண்டுவந்த விதிப்படி, தவறு உங்கள் மேலும் இல்லை, வங்கி மேலும் இல்லை என்றால், மூன்று வேலை நாளுக்குள் சொன்னவருக்கு நஷ்டமே கிடையாது. நான்கிலிருந்து ஏழு வேலை நாளுக்குள் என்றால் சாதாரண சேமிப்புக் கணக்குக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய் வரை நீங்கள் ஏற்க வேண்டும். ஓடிபியை நீங்களே சொல்லியிருந்தால், புகார் கொடுக்கும் வரை போனது உங்களுடையது. கொடுத்த பிறகு போவது வங்கியினுடையது. ரேகை நகலால் போன பணத்தில் நீங்கள் எதையும் சொல்லவில்லை, அதை மறக்காமல் எழுதுங்கள். 30 நாளில் வங்கி பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர் இருக்கிறார், 14448-ல் விசாரிக்கலாம்.

எல்லையோர ஊர்களுக்கு இன்னொரு சிக்கல். திருத்தணி ஏடிஎம் வாசலில் நிற்கும்போது பணம் போயிருந்தால் ஆந்திர ஸ்டேஷனில் அங்கே போ என்பார்கள், அங்கே போனால் கணக்கு ஆந்திராவில்தானே என்பார்கள். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவு, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் முதல் தகவல் அறிக்கை பதியலாம் என்கிறது. ஆன்லைனிலும் கொடுக்கலாம், மூன்று நாளுக்குள் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். நகல் இலவசம், கேட்டு வாங்குங்கள். பதிய மறுத்தால் மாவட்ட எஸ்பிக்குத் தபாலில் எழுதுங்கள். அவரும் அசையாவிட்டால் அதே பிரிவைக் காட்டி மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போடலாம்.