பிரேக்கும் உஷ்ணமும்

ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் 1990-ஆம் ஆண்டிலிருந்து இயங்கிவரும் மோட்டார்ப் பந்தயப் பாதை, 3.717 கிலோமீட்டர் நீளமும் 12 வளைவுகளும் கொண்டது. பந்தயம் இல்லாத சில நாட்களில், தினந்தோறும் அலுவலகம் போய்வரும் சொந்தக் காரையே கொண்டுவந்து, கட்டணம் செலுத்தி, ஆசை தீர ஓட்டிப் பார்க்கும் அன்பர்கள் அங்கே கூடுவதுண்டு. அவர்களுக்கு முதல் இரண்டு சுற்றுகள் உற்சாகமாகவே கழிகின்றன. நாலாவது அல்லது ஐந்தாவது சுற்றில், நேர்பாதையின் முடிவில், முன்பு மிதித்த அதே இடத்தில் அதே பலத்தோடு பெடலை மிதித்தும் கார் அடங்காமல் வளைவை நோக்கி முன்னேறிச் செல்லும்போதுதான், இன்ஜினைப் பற்றியும் டயரைப் பற்றியும் மாதக்கணக்கில் விவாதித்த தாம் பிரேக்கைப் பற்றி ஒரு நாளும் யோசித்ததில்லை என்பது பலருக்கு ஞாபகம் வருகிறது.

சிறு கணக்கு ஒன்று போட்டால் காரணம் விளங்கிவிடும். ஓடுகிற பொருளின் இயக்க சக்தி வேகத்தின் வர்க்கத்தை ஒட்டி வளர்வதாகையால், வேகம் மும்மடங்கானால் சக்தி ஒன்பது மடங்காகிறது. 1,200 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 60-க்கு இறங்க வேண்டுமானால், ஏறக்குறைய 875 கிலோஜூல் சக்தியைச் சுமார் மூன்று வினாடிகளில் உஷ்ணமாக மாற்றியாக வேண்டும். பிரேக் பிடிக்கையில் வண்டியின் பாரம் முன்னால் சாய்வதால், அதில் எழுபது சதவிகிதம் போல முன் சக்கரங்களின் தலையில் விழுகிறது. ஆக, சக்கரத்தோடு சுழலும் ஒவ்வொரு முன் டிஸ்க்கும் ஒரே மிதியில் ஏற்றுக்கொள்ளும் உஷ்ணம் சுமார் 300 கிலோஜூல். ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது அது. டிஸ்க் 7 கிலோ வார்ப்பிரும்பானால் அதன் உஷ்ணநிலை அந்த மூன்று வினாடிகளில் 90 டிகிரி உயரும். நகர வீதியில் 50 கிலோமீட்டர் வேகத்தில் வந்து சிக்னலில் நிற்கும் காருக்கோ 12 டிகிரிதான் உயரும். அதையும் அடுத்த சிக்னலுக்குள் காற்று கவர்ந்துகொண்டு போய்விடும். பந்தயப் பாதையில் முதல் 90 டிகிரி ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடுகிறது.

இவ்வாறு சேர்ந்துகொண்டே போகும் சூட்டில் முதலில் தோற்பது எது என்பதைக் காலே சொல்லிவிடும். பெடல் கெட்டியாக நின்றும் கார் அடங்கவில்லையென்றால் தோற்றது பேட். உலோகத் தூள், நார், கிராஃபைட் முதலிய பல பதார்த்தங்களை ஃபீனாலிக் பிசினால் பிணைத்து எஃகுத் தகட்டின்மேல் இறுக்கி ஒட்டிய கலவையே பேட். சாதாரணப் பேட் பெரும்பாலும் 350, 400 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும், அந்தப் பிசின் சிதைந்து வாயுவை வெளியிட, பேடுக்கும் டிஸ்க்குக்கும் இடையே உராய்வு குன்றிவிடுகிறது. அதற்கு மாறாக, பெடல் மெத்தென்று அமிழ்ந்து தரையைத் தொடுமானால் கொதித்தது பிரேக் ஆயில். எண்ணெய் என்றே நாம் அழைத்தாலும், கிளைக்கால் ஈதர்களை ஆதாரமாகக் கொண்ட அந்தத் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் சுபாவமுடையது. டாட் 4 என்ற தரத்துத் திரவம் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது, 3.7 சதவிகிதம் தண்ணீரைக் குடித்துவிட்ட பிறகு அதே தரத்துக்கு விதிக்கப்பட்ட எல்லை 155 டிகிரிதான். கொதித்த திரவத்தில் தோன்றும் ஆவிக்குமிழ்கள் அழுத்தினால் சுருங்கிக்கொடுக்கும். மிதித்த பலம், பேடை டிஸ்க்கின்மேல் அழுத்தும் காலிப்பரைச் சென்று சேராது. ஆகையால் பந்தயப் பாதைக்குப் போக எண்ணுகிறவர் முதன்முதலாகச் செலவழிக்க வேண்டியது, பார்வைக்குச் சற்றும் தெரியாத இந்தத் திரவத்தைப் புதிதாக மாற்றுவதற்கே என்பது என் திடமான அபிப்பிராயம்.

பேட் விஷயத்தில் சிக்கல் அதிகம். இங்கிலாந்தில் டெர்பிஷயர் பிரதேசத்து ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவர், மேட்டுப் பாதைகளில் இறங்கும் குதிரைவண்டிகளின் பிரேக் கட்டைக்கு ஏற்ற பொருளைத் தேடி 1897-இல் பரீட்சைகள் தொடங்கிய காலத்திலிருந்து இன்றுவரை, குளிர்ந்த நிலையிலும் கொதிக்கும் நிலையிலும் ஒன்றுபோல் பிடித்து, சத்தமின்றி, டிஸ்க்கையும் தின்னாமல் உழைக்கும் கலவையை ஒருவரும் கண்டுபிடித்தபாடில்லை. 1902-இல் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்ற ஃபிரெடரிக் லான்செஸ்டர் செம்புப் பேடை உபயோகித்தார். அதன் கிறீச்சொலியை யாராலும் சகிக்க முடியவில்லை. பின்னால் வந்த ஆஸ்பெஸ்டாஸ் சத்தத்தை அடக்கியது. நுரையீரலைக் கெடுத்ததால் அதையும் கைவிட நேர்ந்தது. 1953-இல் டிஸ்க் பிரேக் பூட்டிய ஜாகுவார் கார், பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில், டிரம் பிரேக்கையே நம்பியிருந்த போட்டியாளர்களைவிடத் தாமதமாகவும் தைரியமாகவும் பிரேக் பிடித்து வென்றது. இரண்டே ஆண்டுகளில் சித்ரோவன் டிஎஸ் என்ற குடும்பக் காரின் முன் சக்கரங்களுக்கு டிஸ்க் வந்துவிட்டது. டிஸ்க் இப்படிப் பந்தயத்திலிருந்து வீதிக்கு வந்ததுபோல் பந்தயப் பேடும் வரும் என்று எண்ணிவிடலாகாது. 600 டிகிரியிலும் தளராத பந்தயப் பேட், இரவெல்லாம் மழையில் நின்ற காரைக் காலையில் பால் வாங்க எடுத்துச் செல்லும்போது, முதல் திருப்பத்தில் குறுக்கே வரும் சைக்கிளுக்குச் சரியாகப் பிடிக்காமற் போகலாம். சூடேறாத நிலையில் டிஸ்க்கை அரத்தைப்போல் தேய்த்து, அலாய் சக்கரமெங்கும் துருப்பிடிக்கும் இரும்புத் தூளையும் வாரி இறைக்கும். பேடின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் ‘எஃப்எஃப்’, ‘ஜிஜி’ போன்ற எழுத்துகள் உராய்வெண்ணைக் குறிப்பவை. எஃப் என்றால் 0.35 முதல் 0.45 வரை, ஜி என்றால் 0.45 முதல் 0.55 வரை. ஆனால் அந்த எண்ணை அளக்கும் பரீட்சையின் சூடு பந்தயப் பாதையின் சூட்டை எட்டுவதில்லையாதலால், அந்த எழுத்தை மட்டும் நம்பி வாங்குவது உசிதமன்று. வருஷத்துக்கு ஓரிரு தடவை மட்டும் போகிறவருக்கு வீதியையும் வேகத்தையும் ஓரளவு சமாளிக்கும் இடைப்பட்ட பேட் போதும். அடிக்கடி போகிறவர் இரண்டு ஜோடி வைத்துக்கொண்டு, முந்தின நாள் ஒன்றைக் கழற்றி மற்றொன்றை மாட்டுவதே மேல். பல கார்களில் காலிப்பரின் போல்ட்டைத் தளர்த்தினாலே பேடை மாற்றிவிடலாம்.

டிஸ்க்கைப் பொறுத்தவரை அலங்காரமே பலரை மயக்குகிறது. சல்லடையாய்த் துளையிட்ட டிஸ்க், பேடிலிருந்து கிளம்பும் வாயு வெளியேற ஒரு காலத்தில் உதவியது என்பது மெய். இன்றையக் கலவைகளில் அந்த வாயு வெகுவாகக் குறைந்துவிட்டது. துளையிட்டதால் உஷ்ணத்தைத் தாங்கும் இரும்பு குறைகிறது. கடும் சூட்டில் வெடிப்புகள் துளைகளின் விளிம்பிலிருந்தே கிளம்புகின்றன. கோடு வெட்டிய டிஸ்க்கால் அவ்வளவு தீங்கில்லை. நடுவே காற்றோடும் இடைவெளி கொண்ட, துளையில்லாத, கனமான வார்ப்பிரும்பு டிஸ்க்கையே நான் சிபாரிசு செய்வேன். பெரிய டிஸ்க் மாட்டினால் கார் குறைந்த தூரத்தில் நின்றுவிடும் என்பதும் ஒரு பிரமை. சக்கரத்தைப் பூட்டும் அளவுக்குப் பலம் சாதாரண பிரேக்குக்கே உண்டு. நிற்கும் தூரத்தை அப்போது நிர்ணயிப்பது டயர். பெரிய டிஸ்க்கின் பலன் பத்தாவது மிதியிலேதான் தெரியும்.

பந்தயப் பாதையின் பக்கமே போகாதவரும் இந்த உஷ்ணத்திலிருந்து தப்ப முடியாது. ஊட்டியிலிருந்து 36 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையைப் போன்ற மலைச்சாலையில், நாம் மேலே கண்ட அதே கார் 1,000 மீட்டர் இறங்கினால், எங்காவது செலவாகியே தீர வேண்டிய சக்தி 11,800 கிலோஜூல் அளவுக்கு வருகிறது. நேர்பாதை முடிவில் மிதித்த அந்த மிதியைப்போல் பதின்மூன்று மடங்கு. முதல் அல்லது இரண்டாவது கியரில் இறங்கினால் அதில் பெரும்பகுதியை இன்ஜின் ஏற்றுக்கொள்ளும். கியரை நியூட்ரலில் தள்ளிவிட்டு இறங்குகிறவர் அத்தனையையும் பேடின் தலையிலும் டிஸ்க்கின் தலையிலும் சுமத்துகிறார்.

மீண்டும் பேடுக்கு வருவோம்: புதுப் பேடை மாட்டியவுடன் வேகமாக ஓட்டக் கூடாது. மணிக்கு 100 கிலோமீட்டரிலிருந்து 20-க்கு, முழுவதும் நிற்காமல், சுமார் பத்துத் தடவை குறைத்துக் குறைத்து ஓட்டி, பிறகு பிரேக்கைத் தொடாமல் சில கிலோமீட்டர் ஓட்டி ஆறவிட்டால், பேடின் பொருள் டிஸ்க்கின்மேல் ஒரே சீரான மெல்லிய படலமாகப் படியும். அந்தப் படலம் திட்டுத் திட்டாகப் படிந்துவிட்டால் பிரேக் பிடிக்கும்போது ஸ்டியரிங் நடுங்கும். டிஸ்க் வளைந்துவிட்டது என்று மெக்கானிக் சொல்வார். அமெரிக்கப் பந்தய நிபுணர் கரோல் ஸ்மித், வளைந்தவை என்று சொல்லப்படும் டிஸ்க்குகளில் பெரும்பாலானவை இப்படித் திட்டுப் படிந்தவையே என்று எழுதியிருக்கிறார். பந்தயப் பாதையில் கடைசிச் சுற்றை பிரேக்கை அதிகம் தொடாமல் மெதுவாக ஓட்டி முடிப்பதும், நிறுத்தியவுடன் ஹேண்ட் பிரேக்கை இழுக்காமல் கியரில் விட்டுச் சக்கரத்துக்குக் கட்டை வைப்பதும் அந்தத் திட்டு விழாமல் காக்கும்.

வீட்டுக்குத் திரும்பியபின் சக்கரத்தைக் கழற்றி டிஸ்க்கை நன்றாக வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். அதன் ஓரத்திலோ நடுக்குடத்திலோ மில்லிமீட்டரில் பொறித்திருக்கும் எண் குறைந்தபட்சத் தடிமன்; அளந்து பார்த்து அதற்குக் கீழே போயிருந்தால் மாற்றிவிட வேண்டும். முகத்தில் தலைமயிர்போல ஓடும் நுண்ணிய கோடுகள் சூடுகண்ட டிஸ்க்கில் சகஜம். அவற்றில் ஒன்று நகத்தில் தட்டினாலோ, வெளி விளிம்புவரை சென்று முடிந்தாலோ, தடிமன் எவ்வளவு மிச்சமிருந்தாலும் அந்த டிஸ்க்கை மறுபடி மாட்டாமல் பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிட வேண்டியதுதான்.