மரத்தைத் தேடி வரும் ஆலை

பேராக் மாநிலத்தின் கோலகங்சார் நகரில் ஒரு முதிய ரப்பர் மரம் நிற்கிறது. 1877-ஆம் ஆண்டு அங்கு நடப்பட்ட கன்றுகளுள் இன்றுவரை எஞ்சியிருப்பது அது ஒன்றுதான். மற்ற ரப்பர் மரங்களுக்கு அவ்வளவு நீண்ட ஆயுள் வாய்ப்பதில்லை. நட்டு ஏறத்தாழ 25 முதல் 30 ஆண்டுகளில் பால் குறைந்துவிடும். அதன்பின் அவற்றை வெட்டிவிட்டுப் புதிய கன்றுகளை நடுவார்கள்.

வெட்டிய மரம் என்ன ஆகும்? நம் தாத்தா பாட்டியர் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய காலத்தில், அது பெரும்பாலும் விறகாக எரிந்தது. பிற்காலத்தில் அதன் வெளிர்நிறப் பலகை மேசை, நாற்காலி செய்யப் பயன்படத் தொடங்கியது. இன்று மலேசியத் தளவாடத் தொழிலின் முக்கிய மூலப்பொருள்களுள் ரப்பர் மரமும் ஒன்றாகும். ஆயினும், நாற்பது ஐம்பது மரங்களை மட்டுமே வைத்திருக்கும் ஒரு சிறுதோட்டக்காரருக்குச் சிக்கல் உண்டு. கனமான கட்டைகளைத் தொலைவிலுள்ள ஆலைக்கு ஏற்றிச் செல்ல லாரிக் கூலி அதிகம். மரத்தை ஆலைக்குக் கொண்டு செல்வதற்குப் பதிலாக, ஆலையை மரம் இருக்கும் இடத்திற்குக் கொண்டு வந்தால் என்ன? இந்தக் கேள்விக்கு விடையாக அமைந்ததே நடமாடும் நாடா ரம்ப ஆலை.

நாடா ரம்பம் என்பது வளையமாக இணைக்கப்பட்ட மெல்லிய எஃகு நாடாவாகும். அதன் ஒரு விளிம்பில் பற்கள் இருக்கும். இந்த நாடா இரண்டு சக்கரங்களைச் சுற்றி இறுக்கமாக மாட்டப்பட்டிருக்கும். பெட்ரோல் இயந்திரம் ஒரு சக்கரத்தைச் சுழற்ற, நாடாவும் வேகமாக ஓடும். மரக்கட்டை ஒரு நீண்ட இரும்புச் சட்டத்தின்மேல் அசையாமல் கிடக்கும். ரம்பம் பொருத்திய தலைப்பகுதி தண்டவாளத்தில் ஓடும் வண்டியைப்போல் அதன்மேல் நகர்ந்து, படுக்கைவாட்டில் பலகையை அறுக்கும். நாடாவில் மரப்பால் ஒட்டாமலும் சூடேறாமலும் இருக்க, சிறு கலனிலிருந்து நீர் சொட்டிக்கொண்டே இருக்கும்.

நாடா மெல்லியதாக இருப்பதே இந்த ஆலையின் பெருஞ்சிறப்பு. 25 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு சதுரக் கட்டையை 2.5 சென்டிமீட்டர் தடிமனுள்ள பலகைகளாக அறுப்பதாகக் கொள்வோம். பத்துப் பலகைகள் கிடைக்கும் என்று தோன்றும். ஆனால், ஒவ்வொரு முறை அறுக்கும்போதும் சிறிதளவு மரம் தூளாகிவிடும். தடித்த வட்ட ரம்பம் ஒரு வெட்டுக்கு 6 மில்லிமீட்டர் மரத்தைத் தூளாக்கினால், எட்டுப் பலகைகளே கிடைக்கும். நாடா ரம்பம் 2 மில்லிமீட்டரை மட்டும் தூளாக்கினால், ஒன்பது பலகைகள் கிடைக்கும். ஒவ்வொரு கட்டையிலும் ஒரு பலகை மிச்சமாவது சிறு உழவருக்குச் சிறிய இலாபமன்று.

அப்படியானால், உடனே ஓர் ஆலையை வாங்கிவிடலாமா? ஆழம் அறியாமல் காலை விடாதே என்பது பழமொழி. வாங்க நினைப்பவர் முதலில் மூன்று கேள்விகளுக்கு விடை காண வேண்டும். தாம் அறுக்கப்போகும் மரங்களின் பருமனும் நீளமும் எவ்வளவு? ஓராண்டில் எத்தனை கட்டைகள் கிடைக்கும்? அவற்றைச் சட்டத்தின்மேல் யார் ஏற்றுவார்? ரப்பர் மரம் பெரும் பருமன் உடையதன்று; அதற்கு அளவான ஆலையே போதும். முதிய டுரியான் மரத்தையும் அறுக்க விரும்புபவருக்கு அகலமான சட்டமும் வலுவான இயந்திரமும் தேவைப்படும். சில ஆலைகளில் கட்டையை மனிதர்களே நெம்புகோலால் உருட்டி ஏற்ற வேண்டும். வேறு சிலவற்றில் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் கைகள் கட்டையைத் தூக்கித் திருப்பும். பின்னது உழைப்பைக் குறைக்கும், விலையையோ கூட்டும்.

ஆலையை வாங்கிய பிறகுதான் உண்மையான பொறுப்பு தொடங்குகிறது. ரம்ப நாடாவின் முதல் எதிரி மண். கட்டையை இழுத்து வரும்போது ஒட்டிய மண்ணைக் கழுவாவிட்டால், பற்கள் விரைவில் மழுங்கிவிடும். மழுங்கிய நாடா நேராக அறுக்காது. பலகை அலைபோல் வளையும். இரண்டாம் எதிரி இரும்பு. பால் வடிவதற்காகப் பட்டையில் செருகிய தகரத் துண்டும் கோப்பையைத் தாங்கிய கம்பியும் காலப்போக்கில் மரத்திற்குள் மறைந்திருக்கக்கூடும். அவற்றில் மோதினால் நல்ல நாடாவும் நொடியில் பாழாகும். எனவே, பால் வெட்டிய பகுதியை உலோகங்காட்டும் கருவியால் சோதிப்பது நல்லது. நாடாக்களை உரிய நேரத்தில் தீட்டுவதும், நாள் வேலை முடிந்ததும் அவற்றின் இறுக்கத்தைத் தளர்த்துவதும் அவற்றின் ஆயுளை நீட்டிக்கும்.

பாதுகாப்பிலும் கவனம் வேண்டும். ஓடும் நாடா அறுந்து வெளியே பாயக்கூடும். ஆகவே, காப்பு மூடிகளைக் கழற்றிவிட்டு ஒருபோதும் இயக்கக்கூடாது. நாடா ஓடும் நேர்க்கோட்டில் எவரும் நிற்கவும் கூடாது. கண்ணாடி, காதுக் காப்பு, முகக்கவசம் ஆகியவை இன்றியமையாதவை. நாடாவை மாற்றும்போது கையுறை அணிய வேண்டும். சட்டத்தையும் மறக்கலாகாது. தீபகற்ப மலேசியாவில் மர ஆலை நடத்துவதற்கு மாநில வனத்துறையின் உரிமம் தேவை. ஆலை சிறியதுதானே, சக்கரம் வைத்ததுதானே என்று நாமே முடிவு செய்துகொள்ளாமல், வாங்கும் முன்னரே வனத்துறை அலுவலகத்தில் விசாரிக்க வேண்டும்.

இத்தனையும் செய்தாலும், பலகை அறுபட்டவுடன் வேலை முடிந்துவிடுவதில்லை. ரப்பர் மரத்தில் மாவுச்சத்து மிகுதி. அதனால், வெட்டிய சில நாள்களிலேயே பூஞ்சை படர்ந்து மரம் நீலம் பாய்ந்துவிடும். துளைக்கும் வண்டுகளும் தேடி வந்துவிடும். இதைத் தடுக்கப் பெரிய ஆலைகள் பலகைகளை அழுத்தக் கலனில் இட்டு, போரான் கலந்த மருந்து நீரை உள்ளே செலுத்துகின்றன. பின்னர், சூட்டு அறையில் உலர்த்துகின்றன. இவ்வசதிகள் இல்லாதவர், பலகைகளுக்கு மருந்திட்டுத் தரும் ஆலையோடு முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும். மரத்தில் கோடரி படுவதற்கு முன்பே, அதன் பலகை எங்கே மருந்திடப்படும், எங்கே உலரும், யாரிடம் விற்கப்படும் என்பவை முடிவாகியிருக்க வேண்டும். இல்லாவிட்டால், விறகாகவேண்டிய மரம் பலகையாகி, பிறகு மீண்டும் விறகாகும்!

ஐம்பது மரங்களுக்காக ஒருவர் தனியாக ஓர் ஆலையை வாங்கினால், ஆண்டின் பெரும்பகுதி அது கொட்டகையில் துருப்பிடித்துக் கிடக்கும். அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்கள் கூடி ஒன்றை வாங்கலாம். அல்லது உரிமம் பெற்ற ஒருவரை வாடகைக்கு அழைக்கலாம். இடம் மாற்றக்கூடிய ஆலை என்பதால், ஒரு தோட்டத்தில் வேலை முடிந்ததும் அடுத்த தோட்டத்திற்குச் செல்வது எளிது. கால் நூற்றாண்டுக் காலம் பால் தந்து ஒரு குடும்பத்தைக் காத்த மரம், அதே தோட்டத்தில் பலகையாகி, அக்குடும்பத்துப் பிள்ளைகள் படிக்கும் மேசையாகவும் ஆகலாம். அதற்கு ஓர் ஆலை மட்டும் போதாது, முன்யோசனையும் வேண்டும்.